சம்பந்திக்கு முதுகு காட்டி

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முதல் தப்பு அதுதான். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்திக்கு முதுகைக் காட்டி உட்காரலாமா? கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவர் எழுந்தால் நானும் எழுந்து, அவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்து, அவர் வீட்டு சோபாவில் நுனியில் மட்டும் உட்கார்ந்து பழகியவனுக்கு இந்தப் பிளாஸ்டிக் படகில் முன் சீட்டு. நானாகக் கேட்டு வாங்கவில்லை. கயாக் விடுகிற சகாயமேரி, இந்த ஊர் மீன்காரர் வீட்டுப் பெண், கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு எங்களை வரிசையாக நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயிட்டானவங்க பின்னால, லேசானவங்க முன்னால, பின்னால இருக்கவங்கதான் திருப்பணும்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி சென்னியப்பனுக்கு உடம்பும் உண்டு, திருப்பிப் பழக்கமும் உண்டு. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறவர், பத்துப் பேரை ஒரு கையசைப்பில் திருப்புகிறவர். நான் ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டர். நானும் ஒரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே இடமும் வலமுமாகத் திருப்பியவன்தான். இப்போது என் பிடரியையும் வழுக்கையையும் பார்த்தபடி அவர் பின்னால் துடுப்புப் போடுகிறார், நான் முன்னால் பெயருக்குத் துடுப்பைத் தண்ணீரில் நனைத்து எடுக்கிறேன். துடுப்பு பட்ட இடத்தில் நீல வெளிச்சம் பொங்கி அணைகிறது. சுற்றி ஒரே இருட்டு, கரையில் ஒரு ட்யூப் லைட், மேலே இத்தனை நட்சத்திரம். பார்க்க வேண்டிய காட்சிதான். எனக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும்.

போய்விட்டுத்தான் ஏறியிருக்க வேண்டும், தெரியாமலா இருந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் தகரக் கதவு போட்ட ஒரு கழிப்பறை இருந்தது, வந்ததும் ஒருதரம் போனேன், லைஃப் ஜாக்கெட் மாட்டுவதற்குள் மறுபடி வந்துவிட்டது. மறுபடி போனால் என்ன நினைப்பார்கள்? சம்பந்தியம்மா பூங்கொடி அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் எத்தனை தரம்தான் அந்தத் தகரக் கதவைத் திறந்து மூடுவது. வேன் கிளம்பியதிலிருந்தே இந்தக் கூத்துதான். வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, "ஒரு டீ குடிக்கலாமுங்களா" என்று கேட்பேன். எல்லாரும் இறங்குவார்கள். நான் கடைக்குப் பின்னால் போய்விட்டு வருவேன். வந்ததும் மரியாதைக்கு டீ குடிக்க வேண்டும். குடித்த டீ அடுத்த ஊருக்குள் வேலையைக் காட்டும். மறுபடி டீ. "சம்பந்திக்கு டீன்னா உசுருங்க" என்று சென்னியப்பன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். சாயங்காலம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, "டீ குடிச்சுக் குடிச்சு ஒடம்பு சூடாயிருக்கும், எளநி குடிங்க" என்று அவரே இரண்டு காய் வெட்டச் சொல்லி என் கையில் கொடுத்தார். இரண்டாவது காயை வேண்டாமென்று சொல்ல என் வாயில் சொல் இல்லை. அன்பாகத்தான் கொடுத்தார். அந்த அன்பு இப்போது அடிவயிற்றில் கல்லாகக் கனக்கிறது. நேராக உட்கார், தங்கமுத்து. முழங்காலைச் சேர்த்து வை. வேறு எதையாவது நினை.

நினைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் என் மனைவி ருக்மணி என்னை இந்தப் படகில் ஏற்றிவிட்டிருக்கிறாள். அவளுக்குக் கடலைக் கண்டாலே பயம், கரையில் நின்றபடி என் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிவிடுகிற சாக்கில் காதருகே வந்து, "நீங்களும் அவரும் மட்டும்தான் இருப்பீங்க. பக்கத்துல ஆருமில்ல. இன்னைக்காவது வாயத் தெறந்து கேட்டுப் போடுங்க. திங்கக்கெழமை அவளை அறுக்கப் போறாங்க" என்றாள். அறுக்கப் போறாங்க. டாக்டர் அப்படிச் சொல்வதில்லை, தொப்புள் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது என்கிறார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், சின்னத் தழும்புதான் இருக்குமாம். எங்கள் பெண் வாணிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, இன்னும் உண்டாகவில்லை. அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அவள் அம்மா மடியில் படுத்து அழுததை நான் அடுத்த அறையில் நியூஸ் பார்ப்பதுபோல் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வந்தது. "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அவருக்கு ஒரு சின்ன டெஸ்ட்தான்" என்று அந்த டாக்டரம்மா இரண்டு தரம் சொன்னாராம். சம்பந்தி வீட்டில் டாக்டரை மாற்றிவிட்டார்கள். புது டாக்டர் மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை, குழாய் விட்டுப் பார்க்கலாம் என்கிறார். நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. அவளை அறுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு தரம் காட்டிக்கொள்ளட்டும். இந்த ஒரு வரி மூன்று மாதமாக என் தொண்டையில் நிற்கிறது.

"மாஸ்டர், பாத்தீங்களா, அக்கட்ட ஒண்ணு எரியுது" என்கிறார் பின்னாலிருந்து. பார்த்தேன். தூரத்தில் இன்னொரு கயாக், அதைச் சுற்றி நீலம் கலங்கிக்கொண்டிருந்தது. வாணியும் மாப்பிள்ளை நவநீதனும் போகிற படகு அது. வாணியின் சிரிப்பு தண்ணீர்மேல் தத்தி வந்து எங்களைத் தொட்டது. எத்தனை நாளாயிற்று அவள் இப்படிச் சிரித்து. கையால் தண்ணீரை அள்ளி அவர்மேல் வீசுகிறாள் போல, வீசிய ஒவ்வொரு தரமும் ஒரு நீலப் பிடி காற்றில் சிதறுகிறது, அவரும் திருப்பி வீசுகிறார். இரண்டும் குழந்தைகள். அவர் நல்ல பையன்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சாயம் செலுத்திய அன்று இரவு அவள் எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போனதும் அவரே ரசம் வைத்துக் கொடுத்தாராம். ரசம் வைப்பார். டெஸ்டுக்குப் போக மாட்டார். போக மாட்டேன் என்றும் சொல்ல மாட்டாராம், பேச்சை எடுத்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாராம். எனக்கு அது நன்றாகப் புரிகிறது, அதுதான் வெட்கக்கேடு. ஐயோ, இந்தப் படகு ஏன் இப்படி ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே ஒரு சொட்டு நகர்கிறது. சகாயமேரி கிளம்பும்போது சொன்னாள், "கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இது. சும்மா இருந்தா இருட்டா இருக்கும். எது பட்டாலும் எரியும். மீன் ஓடினா எரியும், ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா எரியும், எதையும் ஒளிக்க முடியாது சார்." அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் மட்டும் அதை வேறு மாதிரி கேட்டுக்கொண்டேன். படகின் ஓரமாகச் சாய்ந்து, ஜாக்கெட்டின் மறைவில், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாமா என்று ஏறும்போதே ஒரு கள்ள யோசனை இருந்தது. அதுவும் போயிற்று. நான் போனால் நீலமாக ஒரு கோடு விழும், பின்னால் உட்கார்ந்திருப்பவர், "மாஸ்டர், உங்க பக்கம் என்னமோ எரியுதுங்க" என்பார்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். வாயால் கேட்க வேண்டாம், விரலைத் தூக்கினால் போதும், நான் தலையை ஆட்டுவேன், ஓடுவான். கணக்கு வாத்தியார் விட மாட்டார், தமிழம்மா விட மாட்டார், நான் யாரையும் தடுத்ததில்லை. அணிவகுப்பு நடக்கும்போதுகூட வரிசையிலிருந்து ஒரு சுண்டுவிரல் எழுந்தால் விட்டுவிடுவேன். பாதிப் பயல்கள் சுவருக்குப் பின்னால் பீடி குடிக்கத்தான் போனார்கள் என்பதும் தெரியும். போகட்டும், நிஜமாக முட்டிக்கொண்டு நிற்கிற ஒருவன் அதில் இருப்பானே என்று ஒரு இரக்கம். இப்போது நான் யாரிடம் விரலைத் தூக்குவது? இந்த வயதில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம், அதுவும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில், எனக்கு வருகிறது, கரைக்குத் திருப்புங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் என்ன ஆகும்? படகைத் திருப்புவார், அவ்வளவுதான். சிரிக்கக்கூட மாட்டார். பிறகு மண்டியில், கல்யாண வீட்டில், யாரோ ஒருவரிடம், "பாவம், நம்ம சம்பந்திக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்று அனுதாபமாகச் சொல்வார். அந்த அனுதாபத்தை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. தினமும் விடியலில் எழுந்து தண்டால் எடுத்த உடம்பு இது. பெண் பார்க்க வந்த அன்று, "மாஸ்டர் இன்னும் ஜம்முனு இருக்காருங்க" என்று இதே சென்னியப்பன் என் தோளைத் தட்டினார். அந்த ஒரு தட்டலை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

ஓட்டியது என்றால் இப்படித்தான். ராத்திரி நாலைந்து தரம் எழுந்திருப்பேன், ருக்மணி சர்க்கரையோ என்று பயந்தாள், சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட்டைக் காட்டி அவள் வாயை அடைத்தேன். எனக்குத் தெரியும் எங்கே கோளாறு என்று. பெருந்துறை ரோட்டில் மூத்திரக் கோளாறுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், மாடியில் கிளினிக். ஒரு நாள் படியேறிப் போனேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது உள்ளே வரிசையாக நாற்காலி, அதில் என்னிடம் படித்த ஒரு பையன், கோகோ டீமில் ஓடினவன், இப்போது தொந்தி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மாஸ்டர், நீங்க எங்கீங்க இங்க?" என்றான். "சும்மா, ஒருத்தரைப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பி இறங்கினேன். அவன் நிஜமாகவே காட்டிக்கொள்ள வந்து, கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தான், பரிசோதனை என்ற பேரில் அங்கே என்ன செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்த நான் கீழே வந்து ஒரு டீ குடித்தேன். அங்கேயும் டீ. இப்படிப்பட்ட நான்தான் மாப்பிள்ளை டெஸ்டுக்குப் போக வேண்டுமென்று கேட்கப் போகிறேனாம். கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது? அவர் மாடிக்குப் போய்விடுகிறார், நான் மாடியிலிருந்து இறங்கிவிட்டேன். நடுவில் நின்றுகொண்டிருப்பது வாணி. ஒவ்வொரு தரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுக்கிறவள் அவள் ஒருத்திதான்.

காலையில் ராமேஸ்வரத்தில் அவளைப் பார்த்தேன். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும், ஆடினால் குழந்தை தங்கும் என்று பூங்கொடியம்மா வேண்டியிருக்கிறார். ஒவ்வொரு கிணற்றுக்கும் வரிசை, மேலே நிற்கிறவன் வாளியில் மொண்டு தலையோடு கொட்டுகிறான். புடவை உடம்போடு ஒட்டி, பல் கிட்டித்து, அடுத்த கிணற்றுக்கு ஓடி, மறுபடி நின்று, மறுபடி தலையைக் குனிந்து. மாப்பிள்ளை பாதியில் தும்மினார் என்று நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "நல்லாத் தலையோட ஊத்துங்க" என்று பூங்கொடியம்மா வாளிக்காரனிடம் சொன்னார், அவரும் கெட்டவரில்லை, கண்ணில் நீர் இருந்தது. கடைசிக் கிணற்றுக்குப் பக்கத்தில் வாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குளிரில் உதடு கறுத்திருந்தது. அப்பா என்று கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். நான் என்ன செய்தேன்? தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டு, "சீக்கிரம் கண்ணு, கூட்டம் வருது" என்றேன். கூட்டம் வருது. வேறு சொல்லே கிடைக்கவில்லையா உனக்கு? இப்போது அதை நினைத்ததும் வயிற்றுக்குள் ஒரு பெரிய அலை எழுந்து முட்டியது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பெண்ணைப் பற்றி நினைக்கும்போதும் உனக்கு மூத்திரம்தானா தங்கமுத்து, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவளை மட்டும் நினைக்க முடியாதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முடியவில்லை. சகாயமேரி ஒரு நீள விசில் அடித்தால் எல்லாரும் திரும்ப வேண்டும், அதுதான் விதி. அந்த விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். அவளோ தன் படகை நிறுத்திவிட்டுத் துடுப்பைக் குறுக்கே வைத்து, எல்லாரும் சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா மிதக்கச் சொல்கிறாள்.

மிதந்தோம். ஒரு மீன் அடியில் ஓடியது, அது போன வழி ஒரு கணம் தெரிந்து மறைந்தது. பின்னால் சென்னியப்பன் மெதுவாக மூச்சு விட்டார். "என்ன இருந்து என்னங்க, மாஸ்டர்" என்றார் தாழ்ந்த குரலில், "இதையெல்லாம் ஒரு பேரனைக் கூட்டிட்டு வந்து காட்டணுமுங்க." இதோ கதவைத் திறந்துவிட்டார், அவரே திறந்துவிட்டார், உள்ளே நுழைந்து கேட்டுவிடு. நான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆமாங்க. அந்தச் சொல்லோடு சேர்ந்து கீழேயும் ஏதோ பிடி விட்டது. முதலில் ஒரு சொட்டு, இறுக்கினேன், நின்றது, அப்பாடா என்று நினைத்தேன், நினைத்த அந்த நொடியில் எல்லாம் கை மீறிவிட்டது. வெதுவெதுப்பாகத் தொடையில் பரவியது. முழங்காலைச் சேர்த்தேன், பல்லைக் கடித்தேன், அட்டென்ஷனில் நிற்கிற பையனைப்போல் விறைத்து உட்கார்ந்தேன், ஒன்றும் கேட்கவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இந்தக் கயாக்கில் உட்காரும் இடத்தில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை வைத்திருக்கிறார்கள், கால்களுக்கு நடுவே ஒன்று எனக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் இருந்தது. அதற்குள் நீலம் எரிய ஆரம்பித்தது. விட்டு விட்டு அல்ல, அணையாமல், நின்று எரிந்தது. இவ்வளவு நேரம் பார்த்ததிலேயே அழகான வெளிச்சம் அதுதான். பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகை வந்தது, வயிறு லேசானதில் உடம்பு முழுக்க ஒரு சுகமும் வந்தது. அந்தச் சுகம்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

பின்னாலிருந்து அவர் பார்த்திருப்பாரா? முதுகு முழுக்கக் காதாகி இருந்தேன். ஒன்றும் இல்லை, அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. இனி என்ன, போக வேண்டியது போய்விட்டது, காப்பாற்ற இனி என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒரு துணிச்சல் எங்கிருந்தோ வந்தது. இருட்டைப் பார்த்தபடியே, "சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்றேன். "சொல்லுங்க, நமக்குள்ள என்ன" என்றார். "திங்கக்கெழமை வாணிக்குப் பண்றதுக்கு முன்னால, மாப்பிள்ளையும் ஒருதரம் டாக்டர்கிட்டக் காட்டிக்கிட்டா நல்லாயிருக்கும்னு ருக்மணி சொன்னா." ருக்மணி சொன்னா. மூன்று மாதம் சுமந்த வரியைக் கடைசியில் அவள் தலையில் வைத்துவிட்டேன். பின்னால் துடுப்பு நின்றது. தண்ணீர் இருண்டது. "எதுக்குங்க?" என்றார் சென்னியப்பன். குரலில் கோபமில்லை, கடையில் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறவரின் நிதானம். "எம் பையனுக்கு என்ன கொறச்சலுங்க?" "கொறச்சல்னு சொல்லலீங்க." "அப்பறம்?" சும்மா என்றேன், ஒரு திருப்திக்கு என்றேன், டாக்டருங்க அப்படித்தான் சொல்றாங்க என்றேன், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. "நம்ம ஊட்டு ஆம்பளைங்க ஆரும் அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போனதில்லீங்க, மாஸ்டர்" என்றார் முடிவாக. "நீங்க போவீங்களா?" சகாயமேரி விசில் அடித்தாள், நீளமாக. அவர் ஒரே தள்ளில் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

திரும்புகிற வழி முழுக்க அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. நீங்க போவீங்களா? ட்யூப் லைட் பெரிதாகிக்கொண்டே வந்தது, அதன் அடியில் ருக்மணி துண்டோடு நிற்பது தெரிந்தது. வெளுத்த சாம்பல் நிறத்தில் டிராக் பேண்ட், எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறதோ. கயாக் மணலைத் தொட்டதும் சகாயமேரி தண்ணீரில் இறங்கி வந்து முனையைப் பிடித்தாள். "பாத்து எறங்குங்க சார். எல்லாருக்கும் அடி நனைஞ்சுதான் வரும், வெக்கப்படாதீங்க, அந்தப் பக்கம் குழாயில நல்ல தண்ணி இருக்கு" என்றாள். கடவுளே. அவ்வளவு சுலபமா? சென்னியப்பனுக்கும் பின்பக்கம் முழுக்க ஈரம், மாப்பிள்ளைக்கு ஈரம், வாணிக்குத் தலையிலிருந்து ஈரம். கடல் எல்லாரையும் நனைத்துவிட்டிருந்தது. ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. குழாய்க்குப் போய் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டால் நான் மறுபடி ஜம்மென்று இருக்கிற மாஸ்டர். மணலில் நின்றேன், தப்பித்தேன் என்று ஒரு மூச்சு வந்தது. ருக்மணி என் முகத்தைப் பார்த்தாள், பேசினீர்களா என்று கண்ணால் கேட்டாள், என் முகத்திலிருந்தே பதிலை எடுத்துக்கொண்டு துண்டை நீட்டினாள். பூங்கொடியம்மா வாணியின் தலையைத் துவட்டிக்கொண்டே, "சளி புடிச்சுப்போச்சுன்னா திங்கக்கெழமை மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க கண்ணு, நல்லாத் தொவட்டு" என்றார். வாணி தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் நின்ற அதே குனிவு. அந்தக் குனிவிலிருந்தே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இது கடல் தண்ணி இல்லீங்க" என்றேன். யாருக்கும் புரியவில்லை. துண்டை ருக்மணியிடமே திருப்பிக் கொடுத்தேன். "படகுலயே ஒண்ணுக்குப் போயிட்டேனுங்க. அடக்க முடியல. ரெண்டு வருசமாவே இப்படித்தான்." ருக்மணி என் கையைப் பிடித்து இழுத்தாள், "ஏனுங்க, என்ன பேசறீங்க, வாங்க அக்கட்ட" என்றாள், பூங்கொடியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சகாயமேரி படகின் கயிற்றைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டினாள். எனக்கு முகம் எரிந்தது, காது எரிந்தது, கால் மட்டும் நகரவில்லை. சென்னியப்பன் என் பேண்டைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். "நீங்க போவீங்களான்னு கேட்டீங்க, சம்பந்தி" என்றேன், இந்தத் தரம் அவர் முகத்துக்கு நேராக. "போனேனுங்க. படி வரைக்கும் போயிட்டு ஓடி வந்துட்டேன். வெக்கம்." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தேன். நவநீதன் தங்கள் கயாக்கின் கயிற்றைப் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். "மாப்ள, எனக்குத் தனியாப் போக முடியலீங்க. நீங்க கூட வந்தீங்கன்னா போவேன். திங்கக்கெழமை வெடியால எந்திரிச்சு நாம ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போலாமுங்க. நான் ஒரு ரூம்ல காட்டறேன், நீங்க ஒரு ரூம்ல காட்டுங்க. அவளுக்குப் பண்றதைப் பத்தி அதுக்கப்பறம் பேசிக்கலாம்." "டேய், கயாக்கை மேல இழு" என்றார் சென்னியப்பன் மகனிடம். நவநீதன் இழுக்கவில்லை. அவர் கால் ஒரு தரம் நகர்ந்தது, கணுக்காலைச் சுற்றி நீலம் எரிந்து அணைந்தது, மறுபடி நகர்ந்தது, மறுபடி எரிந்தது. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஈரத் தலையோடு நின்ற வாணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெடியால எத்தன மணிக்குங்க, மாமா?"